லான்ட்மாஸ்டரில் ஏறிய மணிக்கூடு

அப்புத்துரையின் இடது கையில் அந்தக் கறுப்பு மணிக்கூடு ஏறி ஒரு கிழமை ஆகிவிட்டது. இன்றைக்கு அதைக் கிளினிக்கில் காட்ட வேண்டும். அது அங்கே போய் என்ன கோள் சொல்லப்போகிறது என்பதுதான் விடிந்ததிலிருந்து அவருடைய யோசனை.

அது நேரம் பார்ப்பதற்காகக் கட்டிய மணிக்கூடு அல்ல. ஆனி மாதம் வரம்பில் மண்வெட்டியோடு சரிந்தவரை அயலவர்கள் தூக்கிக்கொண்டு ஓடியதும், யாழ்ப்பாணத்தில் நெஞ்சுக் குழாய்க்குள் கம்பிவலை வைத்து ஆளைத் திருப்பி எடுத்ததும் ஊருக்கே தெரியும். இப்போது மருந்தும் நடையுமாக ஆள் தேறிவிட்டார். தேறியது உண்மைதானா என்று பார்க்கத்தான் கிளினிக்கில் பயிற்சி கொடுக்கிற பிரேமிளா இதைக் கட்டிவிட்டாள்.

"ஐயா, இது உங்கடை நாடித் துடிப்பை இரவு பகலா எழுதிக்கொண்டிருக்கும். உங்கடை நெஞ்சு எவ்வளவு வேலை தாங்கும் எண்டு இதை வைச்சுத்தான் சொல்லுவம். கழட்டாதேங்கோ."

அப்புத்துரைக்கு அது பிடிக்கவில்லை. அவர் பொதுவாக எதையும் நம்புகிறவர் அல்ல. ரேடியோ மழை என்றால் நெல்லைக் காயப்போடுவார். விதைநெல் மூட்டையில் அச்சடித்திருப்பதை வாசிக்க மாட்டார், கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளிப் பல்லில் கடித்துப் பார்ப்பார். அப்படிப்பட்டவரின் வயல் இப்போது ஒரு மணிக்கூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

நெஞ்சு தாங்கும் என்று டொக்டர் சொன்னால் வருகிற புதன்கிழமை நாள் விதைப்பு, நல்ல நேரம் பார்த்துப் போடும் முதல் விதை. தாங்காது என்றால் முத்தையன்கட்டு வாய்க்காலில் தண்ணி பாயும் அந்த வயல் இந்தக் காலபோகத்துக்குக் குகதாசனிடம் குத்தகைக்குப் போகும். குகதாசன், அப்புத்துரையின் மனைவி விமலேஸ்வரியின் தம்பி. நல்ல பெடியன்தான். ஆனால் வரம்பைத் துப்புரவாக்குகிறேன் என்று மண்வெட்டியைப் பிடித்தால் ஒவ்வொரு போகமும் பக்கத்துக் காணியில் ஒரு சாண் தன் பக்கம் வந்துவிடும். அவன் ஒருமுறை இறங்கினால் பிறகு ஏறமாட்டான் என்று அப்புத்துரை முடிவு கட்டியிருந்தார்.

இவ்வளவுக்கும் மேலே ஒரு சத்தியம் வேறு. வீட்டுக்கு வந்த அன்றே மகள் யதுர்ஷிகா கற்பூரம் கொளுத்தித் தகப்பனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். வற்றாப்பளை அம்மாளாச்சி அறிய, டொக்டர் சொல்லும்வரைக்கும் காணிக்குள் கால் வைக்க மாட்டன். ஒட்டுசுட்டான் பக்கத்தில் அம்மாளாச்சியின் பெயரில் பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு ஒருத்தரும் பெண் கொடுக்க மாட்டார்கள், கடனுக்குச் சாமானும் கொடுக்க மாட்டார்கள்.

அப்புத்துரை பொய்ச் சத்தியம் செய்யவில்லை. கால் வைக்கவில்லை.

லான்ட்மாஸ்டரில் ஏறி இருந்தார்.

மகள் முன்பள்ளிக்குப் படிப்பிக்கப் போன பிறகு, "செல்வராசா வீட்டை கதைச்சுக்கொண்டிருந்திட்டு வாறன்" என்று ஒவ்வொரு நாளும் கிளம்புவார். செல்வராசா பக்கத்துக் காணிக்காரன். அவன் தன் லான்ட்மாஸ்டரின், அந்த இரண்டு சில்லு உழவு மெசினின், பின் பெட்டியில் எரு ஏற்றிக் கொடுப்பான். இவர் இருக்கையில் இருந்து கைபிடியைப் பிடித்துக் கிரவல் ரோட்டால் வயலுக்கு ஓட்டுவார். இறக்குவதும் செல்வராசாதான். அப்புத்துரையின் கால் மண்ணில் படவேயில்லை.

"அண்ணை, உந்த மணிக்கூடு நடந்தால்தான் எண்ணும். இருந்தால் அதுக்கு ஒண்டும் விளங்காது" என்று செல்வராசா சொல்லியிருந்தான். செல்வராசா சொல்வதையும் அப்புத்துரை நம்புகிறவர் அல்ல. இது மட்டும் தனக்கு வசதியாக இருந்தபடியால் நம்பிவிட்டார்.

இன்று காலை கிளினிக்குக்குப் புறப்படும்போது கிணற்றடியில் விமலேஸ்வரி வாளியைப் பாதியில் வைத்துவிட்டு உடுப்புத் தோய்க்கிற கல்லில் இருந்துகொண்டிருந்தாள்.

"என்ன, இருந்திட்டாய்?"

"ஒண்டுமில்லை. கொஞ்சம் களைப்பு. நீங்கள் பஸ்ஸை விடாதேங்கோ."

தம்பிக்குக் காணி கிடைக்காமல் போய்விடுமோ என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று அப்புத்துரை நினைத்தார். வாளியைத் தூக்கக் குனிந்தார்.

"ஐயோ விடுங்கோ! தூக்கக் கூடாதெண்டு சொன்னதெல்லே!" என்று அவளே எழுந்து தூக்கிக்கொண்டு போனாள்.

ஆஸ்பத்திரியில் பிரேமிளா மணிக்கூட்டைக் கழற்றிக் கம்ப்யூட்டரோடு தொடுத்தாள். திரையில் பச்சைக் கோடு ஒன்று மேடும் பள்ளமுமாக ஓடியது. முதலில் சிரித்துக்கொண்டிருந்தாள். "இரவிலை நல்லா இறங்கியிருக்கு, ஐயா. பின்னேர நடையிலை அளவா ஏறியிருக்கு. மெத்த நல்லது..."

பிறகு சிரிப்பு நின்றது. திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய் டொக்டர் ஜனகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

டொக்டர் கதிரையை இழுத்து அப்புத்துரைக்கு முன்னால் போட்டு இருந்தார். டொக்டர்மார் கதிரையை இழுத்துப் போட்டால் அது நல்லதுக்கில்லை என்று அப்புத்துரைக்கு யாழ்ப்பாணத்திலேயே தெரியும்.

"ஐயா, காலமை ஒன்பது மணிக்குப் பிறகு என்ன செய்யிறனீங்கள்?"

"சும்மா இருக்கிறனான்."

"நடக்கிறேல்லையோ? பாரம் தூக்கிறேல்லையோ?"

"இல்லை. செல்வராசா வீட்டை கதிரையிலை இருந்து கதைக்கிறனான்."

அதில் பாதி உண்மை இருந்தபடியால் குரல் நடுங்கவில்லை. முன்பள்ளிக்கு லீவு போட்டுக் கூட வந்திருந்த யதுர்ஷிகா பக்கத்தில் தலையாட்டினாள். "ஓம் டொக்டர், அப்பா சொன்ன சொல்லுக் காப்பாத்துவார். ஒரு வேலையும் செய்யிறேல்லை."

டொக்டரின் முகம் இன்னும் இறுகியது.

"அதுதான் எனக்குப் பயம். ஒவ்வொரு நாளும் அந்த நேரத்துக்குத் துடிப்பு நூற்றைம்பதுக்குப் போய் அப்பிடியே நிக்குது. நீங்கள் குடிக்கிற குளிசை துடிப்பை ஏறவிடாது. அதையும் மீறிச் சும்மா இருக்கேக்கை இப்பிடி அடிக்குதெண்டால் நெஞ்சுக்குள்ளை கரண்ட் ஓடுறது பிழை. இண்டைக்கே வார்ட்டிலை மறிக்க வேணும். பிறகு யாழ்ப்பாணம்தான்."

"அப்ப விதைப்பு?"

"இந்தப் போகம் அதை மறவுங்கோ, ஐயா."

யதுர்ஷிகாவின் கண் நிறைந்துவிட்டது. தகப்பனின் தோளில் கையை வைத்தாள். அந்தக் கைதான் அப்புத்துரைக்குச் சுட்டது.

வாயைத் திறந்தால் மகளுக்கு முன்னால் சத்தியம் போகும். திறக்காவிட்டால் வயல் போகும். குகதாசன் மண்வெட்டியைத் தீட்டிக்கொண்டு வரம்பில் நிற்பதுபோல் ஒரு தோற்றம் கண்ணுக்குள் வந்து நின்றது.

அதைவிட இன்னொன்றும் அவரைக் குடைந்தது. நூற்றைம்பது என்றால் நெஞ்சு குதிரை மாதிரி ஓடியிருக்க வேண்டும். அவருக்கு அந்த நேரங்களில் ஒரு பதைப்பும் இருக்கவில்லை. ஆனியில் விழுந்த அன்று நெஞ்சு எப்படி இருந்தது என்று அவருக்குத் தெரியும். இது அதில்லை. அந்த மணிக்கூடு பொய் சொல்லுகிறது. ஆனால் அவரும் பொய் சொல்லிவிட்டு இருக்கிறார். இரண்டு பொய்யும் ஒரே அறைக்குள் இருந்தால் டொக்டர் எதைப் பிடிப்பார்?

"டொக்டர்," என்றார். "நான் கதிரையிலை இருக்கேல்லை."

"அப்ப எங்கை இருந்தனீங்கள்?"

"லான்ட்மாஸ்டரிலை."

தோளில் இருந்த கை எடுபட்டது.

"அப்பா!"

"கால் வைக்கேல்லை, பிள்ளை. எரு வண்டி ஓட்டினனான். சீற்றை விட்டு இறங்கேல்லை. செல்வராசாவைக் கேள்."

"அம்மாளாச்சியிலை சத்தியம் பண்ணிப்போட்டு..."

"கால் வைக்க மாட்டன் எண்டுதானே பண்ணினனான்!"

டொக்டர் சிரிப்பை அடக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிரேமிளா மட்டும் சிரிக்கவில்லை. திரையைத் திரும்பவும் பார்த்தாள்.

"டொக்டர், இந்தக் கோட்டைப் பாருங்கோ. அடிமட்டம் வைச்சுக் கீறின மாதிரி நேரா நிக்குது. மனுசன்ரை நெஞ்சு இப்பிடி ஒரே சீரா அடிக்கிறது குறைவு. இந்த மணிக்கூடு பச்சை வெளிச்சத்தை அடிச்சு, தோலுக்குக் கீழை ரத்தம் வந்து போறதைத்தான் எண்ணுது. கை குலுங்கினால் குலுக்கத்தையும் துடிப்பெண்டு எண்ணிப்போடும்." பிறகு அப்புத்துரையின் பக்கம் திரும்பினாள். "ஆனா ஐயா, நீங்கள் முதல் ஒரு கதை சொன்னனீங்கள், இப்ப ஒரு கதை சொல்லுறியள். பாக்காமல் நம்பமாட்டன்."

அப்புத்துரைக்கு அந்தப் பிள்ளையை அந்த இடத்தில் பிடித்துப்போயிற்று.

"நம்பாதை," என்றார். "நானெண்டாலும் நம்பமாட்டன்."

வாசலில் இளநீர் விற்கிறவரின் லான்ட்மாஸ்டர் நின்றது. பிரேமிளா போய்க் கேட்டாள். அவர் குலையைப் பெட்டியில் போட்டுவிட்டு, "என்ன, ஆஸ்பத்திரிக்கு உழப்போறியளோ?" என்று கேட்டுக்கொண்டு எஞ்சினை அடித்துக் கொடுத்தார். கிளினிக்குக்கு வந்தவர்கள் நம்பர்த் துண்டும் கையுமாக வாசலில் வந்து நின்றார்கள்.

பிரேமிளா மணிக்கூட்டைத் திரும்ப அவர் கையில் மாட்டினாள். பிறகு சட்டையைத் தூக்கி, தண்ணி தொட்ட ஒரு பட்டியை நெஞ்சைச் சுற்றிக் கட்டினாள்.

"இதென்ன, மாட்டுக்குக் கட்டிற மாதிரி?"

"இது நெஞ்சின்ரை கரண்டை நேராப் பிடிக்கும் ஐயா. குலுங்கினாலும் அவ்வளவாப் பிழைக்காது. கையிலை மணிக்கூடு, நெஞ்சிலை பட்டி. ரெண்டும் என்ன சொல்லுதெண்டு பாப்பம்."

அப்புத்துரை ஏறி இருந்து கைபிடியைப் பிடித்தார். எஞ்சின் துடித்தது. அவர் கை, தோள், கன்னச் சதை எல்லாம் சேர்ந்து ஆடியது. வண்டி ஒரு அங்குலமும் நகரவில்லை. பிரேமிளா பட்டியின் எண் விழுகிற போனைப் பார்த்தாள், பிறகு எட்டி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"பட்டி எண்பத்திரண்டு. மணிக்கூடு நூற்றி நாப்பத்தேழு!"

"நிப்பாட்டுங்கோ," என்றார் டொக்டர்.

எஞ்சின் நின்றது. மணிக்கூட்டில் எண் படபடவென்று இறங்கி எண்பதுகளுக்கு வந்து பட்டியோடு சேர்ந்து நின்றது. இளநீர்க்காரர், "அப்ப நெஞ்சு வருத்தம் என்ரை வண்டிக்குத்தான்" என்றார். சனம் சிரித்தது. யதுர்ஷிகா சிரிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு மதிலைப் பார்த்து நின்றாள்.

பிரேமிளா அப்புத்துரையின் வலது கையைப் பிடித்து அவருடைய இடது மணிக்கட்டில் விரல்களை வைத்துவிட்டாள். "இஞ்சை, பெருவிரலுக்குக் கீழை. தெரியுதோ? மணிக்கூட்டிலை நம்பிக்கை இல்லாட்டி விரலை வையுங்கோ. அது துடிக்கிறதும் மணிக்கூட்டிலை விழுறதும் ஒண்டெண்டால் மணிக்கூடு உண்மை சொல்லுது. இல்லாட்டிப் பொய்."

தன்னுடைய நெஞ்சு தன் விரலில் முட்டுவதை அப்புத்துரை அன்றைக்குத்தான் முதல்முதலாக உணர்ந்தார். விதைநெல்லைப் பல்லில் கடித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. இது அவருக்கு விளங்கியது.

அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. விறாந்தையின் இரண்டு தொங்கலிலும் அடையாளம் வைத்து, பட்டியையும் கட்டி, ஆறு நிமிசம் நடக்க விட்டார்கள். ஓடக் கூடாது, கதைக்கக் கூடாது, முடியாவிட்டால் நிற்கலாம். அப்புத்துரை நிற்கவில்லை. வாய்க்கால் தண்ணிக்கு முறை வருகிறபோது நடக்கிற நடை நடந்தார். திரும்பும்போதெல்லாம் மகளின் முகத்தைப் பார்த்தார். மூன்றாவது தரம் திரும்பும்போது அவள் கையைக் கட்டாமல் நின்றாள். கடைசித் திருப்பத்தில் அவள் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாளாச்சியிடம் தகப்பனுக்காக மன்னிப்புக் கேட்டிருப்பாள்.

கதிரையில் இருத்தி விட்டு டொக்டரும் பிரேமிளாவும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறிய துடிப்பு நூற்றுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. பிறகு நல்ல மாடு மேட்டிலிருந்து இறங்குவதுபோல் மெல்ல, தடுமாறாமல் இறங்கியது.

"ஏறினதை விட இறங்கினதுதான் எனக்குச் சந்தோசம்," என்றார் டொக்டர். "வேலை முடிஞ்சவுடனை நெஞ்சு கெதியா ஆறுது. நல்ல பயிற்சியிலை இருக்கு. விதைக்கலாம், ஐயா. மூட்டை தூக்கக் கூடாது. மண்வெட்டி இப்ப வேண்டாம். மணிக்கூடு கையிலை கிடக்கட்டும், வயலுக்குள்ளை நிக்கேக்கை இந்தப் பட்டியையும் கட்டுங்கோ. நூற்றிப் பத்தைத் தாண்டினால் வரம்பிலை குந்துங்கோ."

"லான்ட்மாஸ்டர்?"

"ஓடலாம். ஆனா வீட்டிலை சொல்லிப்போட்டு ஓடுங்கோ."

பஸ்ஸில் யதுர்ஷிகா ஜன்னல் பக்கம் இருந்தாள். ஒட்டுசுட்டான் சந்தி வரைக்கும் ஒரு சொல் வரவில்லை. அப்புத்துரைக்குச் சண்டை பிடிக்கத் தெரியும், பேசாமல் இருக்கிறவளோடு என்ன செய்வதென்று தெரியாது.

"கச்சான் கடலை வாங்கட்டோ?"

"வேண்டாம்."

கொஞ்சம் பொறுத்து அவளே திரும்பினாள். "இண்டைக்கு அந்த டொக்டருக்கு முன்னாலை நான்தான் சொன்னனான், அப்பா சொன்ன சொல்லுக் காப்பாத்துவார் எண்டு."

அப்புத்துரை முன் சீற்றின் கம்பியைப் பார்த்தார். "அதாலைதான் சொன்னனான்," என்றார். "வயலுக்காக மட்டும் இல்லை. நீ அப்பிடிச் சொல்லாட்டி நான் வாயைத் திறந்திருக்க மாட்டன்."

 அடுத்த தரிப்பில் கச்சான்காரன் ஏறியபோது அவளே இரண்டு சுருள் வாங்கினாள்.

"அம்மாளாச்சிக்கு என்ன சொல்லப்போறியள்?"

"வாற திங்கள் கோயிலுக்குப் போய் நேரை நிண்டு சொல்லுறன். அவவுக்கும் லான்ட்மாஸ்டர் தெரியும்தானே, பொங்கலுக்கு எத்தினை வந்து நிக்குது."

அதற்கு யதுர்ஷிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்காகத் தன்னிலேயே கோபம் வந்து தகப்பனின் கையில் ஒரு அடி போட்டாள்.

வீட்டில் விமலேஸ்வரி முழுக் கதையையும் கேட்டாள். ஆச்சரியப்படவில்லை.

"உனக்குத் தெரியுமோ?"

"செல்வராசா வீட்டை கதைக்கப் போற மனுசன்ரை சட்டையிலை எரு மணக்குமோ? தோய்க்கிறது ஆர்?"

"அப்ப ஏனம்மா பேசாமல் இருந்தனீங்கள்?" என்று மகள் பாய்ந்தாள்.

"ஆஸ்பத்திரியாலை வந்த நாளிலை இருந்து செத்த முகத்தோடை இருந்தவர். வயலுக்குப் போய்வரத் தொடங்கின பிறகுதான் முகம் திரும்பினது. செல்வராசாவுக்குச் சொல்லி வைச்சனான், மண்வெட்டியை மட்டும் கையிலை குடுத்திடாதை எண்டு." சொல்லிவிட்டுத் தண்ணிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து குசினி வாசலில் வைத்தாள். வைத்த கையோடு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீடு முழுக்கக் கள்ளர் என்று யதுர்ஷிகா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தகப்பனின் கையிலிருந்து மணிக்கூட்டைக் கழற்றினாள். "வாங்கோ அம்மா, உங்கடை கள்ளத்தையும் பாப்பம். குடம் தூக்கினதுக்கு எவ்வளவு ஏறியிருக்கு?"

"எனக்கெதுக்கு உது, விடடி."

கட்டிவிட்டாள். பச்சை வெளிச்சம் மினுங்கியது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

முப்பத்தெட்டு.

"ஈரக்கை," என்று யதுர்ஷிகா மணிக்கட்டைச் சேலைத் தலைப்பால் துடைத்து, இறுக்கிக் கட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

முப்பத்தேழு.

"கழட்டு உதை," என்றார் அப்புத்துரை. "பொய் சொல்லுது. காலமை எனக்குச் சொன்ன பொய் காணாதெண்டு..."

சொல்லிக்கொண்டு வந்தவர் நிறுத்தினார். காலையில் லான்ட்மாஸ்டர் குலுங்கியது. இங்கே ஒன்றும் குலுங்கவில்லை. வீடு அசையாமல் நின்றது. காலையில் கிணற்றடியில் பாதியில் வைத்த வாளி நினைவுக்கு வந்தது. இப்போது கதவு நிலையைப் பிடித்த கையும்.

கதிரையை இழுத்து விமலேஸ்வரியை இருத்தினார். அவளுடைய கையைத் தன் மடியில் எடுத்து, பெருவிரலுக்குக் கீழே விரல்களை வைத்தார். மகளுக்கு முன்னால் அவர் மனைவியின் கையைப் பிடித்தது இதுதான் முதல்தடவை.

ஒன்று முட்டியது. அடுத்தது வருமென்று விரல் காத்திருந்தது. வந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று. மணிக்கூட்டைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன.

தன் வாழ்நாளில் ஒரு மெசின் பொய் சொல்ல வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது அந்த ஒரு தரம்தான்.

"என்னப்பா, கலியாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி. பிள்ளை பாக்கிறாள். சோறு ஆறுது, கையை விடுங்கோ," என்றாள் விமலேஸ்வரி.

"இரு."

"புதன்கிழமைக்கு விதைநெல்லு ஊறப்போட வேணும். எவ்வளவு வேலை கிடக்கு."

"நெல்லு மூட்டைக்குள்ளை கிடக்கட்டும். அது எங்கையும் ஓடாது." அப்புத்துரை தலையை நிமிர்த்தவில்லை. குரலும் உயரவில்லை. "யதுர்ஷிகா, செல்வராசாவைக் கூப்பிட்டு ஓட்டோ ஒண்டு பிடிக்கச் சொல்லு. பிறகு அந்தப் பிரேமிளாப் பிள்ளைக்குப் போன் அடி. இந்தத் தரம் மணிக்கூடு உண்மை சொல்லுதெண்டு சொல்லு. அப்பா விரல் வைச்சுப் பாத்திட்டார் எண்டு சொல்லு."

விமலேஸ்வரி கையை இழுத்துப் பார்த்தாள். அவர் விடவில்லை.

"குகதாசனுக்கும் ஒருக்கா அடி," என்றார் பிறகு. "அவன்ரை அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம், வரச்சொல்லு. வரேக்கை மண்வெட்டியை வீட்டிலை வைச்சிட்டு வரச்சொல்லு."